பதினான்காம் தீர்மானமும் ஆர்டிஸின் நாற்காலியும்

என் மனைவி ஆர்டிஸ் உட்காரும் நாற்காலியை, அது எங்களுடையது அல்ல என்று எழுதிக்கொண்டு, குடியிருப்போர் சங்கத்தார் தூக்கிப் போய்விட்டார்கள். ஏப்ரல் பதினொன்று, வியாழக்கிழமை. மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நடந்த கோளாறு இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

அது சாதாரண நாற்காலிதான். பச்சைத் துணி, மரக் கைப்பிடி. ஆனால் ஜனவரியில் ஆர்டிஸ் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழக்கூடிய இருக்கை அது ஒன்றுதான். சமையலறை ஜன்னலோரம் கிடந்தது. அங்கிருந்து பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூண்டு தெரியும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மின்னசோட்டாவில் பிப்ரவரி மாதம் வந்தால் மனிதனுக்குத் தன் வீட்டுச் சுவரைக் கண்டாலே பிடிக்காது. எங்கள் பைக் ஏரிக் குடியிருப்பில் அறுபத்திரண்டு வீடுகள். அறுபத்திரண்டிலும் இதே நோய். எனவே சங்கத் தலைவர் கேலன் ப்ரெக்கே, உறுப்பினர்களின் மனநலத்தைக் கருத்தில்கொண்டு, நகரத்திலிருந்து ஓர் அலங்கார ஆலோசகரை வரவழைத்தார்.

அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் துப்பட்டா, காலில் மைனஸ் நாற்பது டிகிரி குளிருக்கு ஒத்துவராத செருப்பு.

"எதையும் வாங்காதீங்க. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிறதே போதும். அதை இடம் மாத்துங்க. கண் மாறும். கண் மாறினா வாழ்க்கை மாறும்."

இதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். வாங்க வேண்டாம் என்று சொன்ன முதல் விற்பனையாளர் அவள்தான் என்பதால் எனக்கும் கொஞ்சம் மரியாதை பிறந்தது.

அந்த மரியாதை ஒரு வாரம்தான் தாங்கியது. ஊர் முழுக்கப் பொருள்கள் நடமாட ஆரம்பித்தன. படுக்கையறை விளக்கு கூடத்துக்கு வந்தது. ஊறுகாய் ஜாடியில் காய்ந்த குச்சிகள் முளைத்தன. புத்தகங்களை நிறவாரியாக அடுக்கினார்கள். வெந்நீர்க் கொதிகலனைப் பழுதுபார்க்கும் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "நீலத்துல பாரு" என்றாள் ஆர்டிஸ். ஏணி குளியலறையில் இருந்தது, துண்டுகளைச் சுமந்துகொண்டு.

இத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் சேதம் இல்லை. ஆனால் தனியார் செய்யும் நல்ல காரியத்தை ஒரு சங்கம் எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்? மார்ச் மாதக் கூட்டத்தில் பதினான்காம் தீர்மானம் நிறைவேறியது. குடியிருப்பில் உள்ள அனைத்துக் கட்டடங்களும் ஏப்ரல் இறுதிக்குள், ஏற்கெனவே உடைமையாக உள்ள பொருள்களை மட்டுமே கொண்டு, புதுப்பிக்கப்பட வேண்டும். புதிதாகப் பெறப்பட்ட எந்தப் பொருளும் விதிமீறல். ஆய்வுக் குழு நேரில் வந்து சரிபார்க்கும். ஒருமனதாக நிறைவேறியது. அன்றைக்கு எலுமிச்சை கேக் வைத்திருந்தார்கள். நானும் கையைத் தூக்கினேன். இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்தேன்.

ஆய்வுக் குழு என்பது ப்ரெக்கேயும் ஒரு பட்டியல் அட்டையும். முதலில் எங்கள் வீடு.

"இது உங்களோடதுதானா, வெர்லின்?" மேசையைக் காட்டிக் கேட்டார்.

"முப்பது வருஷமா அதுலதான் சாப்பிடறேன்."

"சாப்பிடறது உடைமை ஆகாது. ரசீது இருக்கா?"

"உங்க மூக்குக்கு ரசீது இருக்கா?"

"கோபப்படாதீங்க. விதி நான் எழுதலை. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்." சற்று யோசித்தார். "சரி, கவிழ்த்து அடியில பார்த்துடுவோம்."

இங்கேதான் ஊர் கெட்டது. எங்கள் ஊரில் மாதம் ஒரு பொது விருந்து. ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவர வேண்டும். பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவோம். மண்டபத்தில் இடம் போதாதென்று நாற்காலி, மடக்கு மேசை, விளக்கு எல்லாம் கொண்டுபோவதும் வழக்கம். அவற்றின் அடியிலும் பெயர். விருந்து முடிகிற நேரத்தில் பனி கொட்டும். கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் காருக்கு ஓடுவார்கள். மறுநாள் ஐயோ மாறிப்போச்சே என்று போய்க் கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். கேட்டால் அவர் சங்கடப்படுவார். அவர் சங்கடப்பட்டால் நாம் சங்கடப்பட வேண்டும். அதைவிட நாற்காலி போனால் போகட்டும். நாற்பது வருடங்களாக இப்படி.

ப்ரெக்கே எங்கள் வீட்டில் இருபத்திரண்டு பொருள்களைக் கவிழ்த்துப் பார்த்தார். நான்கு எங்களுடையவை. அவற்றில் ஒன்று குப்பைக்கூடை.

"இருக்கிறதைக் கொண்டு புதுப்பிக்கணும்னா, முதல்ல உங்ககிட்ட ஏதாவது இருக்கணுமே" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

கடைசியில் ஆர்டிஸை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தாள். பச்சை நாற்காலியைக் கவிழ்த்தார். 'லுண்டே' என்று இருந்தது. பெர்ல் லுண்டே, எதிர்வீடு.

"அதுல உட்கார்ந்தாத்தான் அவளால எழ முடியும். இடுப்புல இரும்பு வச்சிருக்கு" என்றேன்.

"இரும்பு உங்களோடதுதானே?"

"என்னது?"

"பட்டியலுக்குத்தான்."

டேப்பைக் கிழித்துவிடலாமே என்று ஆர்டிஸின் காதில் சொன்னேன். "அவர் எழுதிட்டார், வெர்லின். இனிமே கிழிச்சா அது மோசடி" என்றாள். அவள் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். இதுபோன்ற இடங்களில் அவளோடு வாழ்வது கஷ்டம்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனோம். பெர்ல் கதவைத் திறந்தாள். பார்த்தவுடனே அவளுக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது. ப்ரெக்கேக்கும் தெரிந்தது.

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள் பெர்ல்.

"சிரமமே இல்லை" என்றார் ப்ரெக்கே.

"வேண்டாம், வேண்டாம், ஆர்டிஸே வச்சுக்கட்டும்."

"இல்லை, இல்லை, உங்க பொருள் உங்ககிட்ட இருக்கணும்."

மூன்றாம் முறை மறுத்தால் எங்கள் ஊரில் அது சண்டை. பெர்ல் வாயை மூடிக்கொண்டாள். ப்ரெக்கே அட்டையில் எழுதினார்: மறுப்பு இருமுறை, பிறகு மௌனம். மௌனம் சம்மதம்.

"அப்ப இப்ப இது என்னோடது. நான் ஆர்டிஸுக்கே கொடுத்துடறேன். வெர்லின், தூக்குங்க" என்றாள் பெர்ல்.

"கொடுக்கலாம்" என்றார் ப்ரெக்கே. "ஆனா ஆர்டிஸுக்கு அது புதுசாப் பெறப்பட்ட பொருள் ஆயிடும். விதிமீறல்."

"அவ அதுல ஒன்பது வருஷமா உட்கார்ந்திருக்கா!"

"அதான் சொன்னேனே. உட்கார்றது உடைமை ஆகாது."

அடுத்த மூன்று வாரங்கள் எப்படி இருந்தன என்று கேட்கக்கூடாது. உட்கார எங்களுக்கென்று மிஞ்சியது ஒரு சோபா. அதில் உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவார். ஆர்டிஸை நான் இரண்டு கையாலும் முள்ளங்கி பிடுங்குவதுபோல் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்து தடவை.

"என்னை இழுக்கிறப்போ மீன் பிடிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்காதே" என்பாள்.

"மீன் இவ்வளவு பேசாது" என்பேன்.

பெர்ல் தினமும் கூப்பிட்டாள். நாற்காலியைத் தன் வீட்டு ஜன்னலோரம் போட்டு, காப்பி வைத்து, வா என்றாள். ஆர்டிஸ் ஒருநாள் போய்விட்டுத் திரும்பினாள். "அங்கே நான் விருந்தாளி. உட்கார்ந்ததும் கேக் தர்றா. எழுந்தா ஏன் எழுந்தேன்னு கேக்கறா. எனக்கு என் ஜன்னல் வேணும்" என்றாள். அன்று சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டாள். அன்றைக்கு நான் எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை.

இதற்குள் மற்ற வீடுகளிலும் பொருள்கள் உரியவரிடம் திரும்பிக்கொண்டிருந்தன. கைவண்டி, சறுக்குப் பலகை, புல்வெட்டும் வண்டி, எல்லாவற்றிலும் சாமான். வீடுகள் உண்மையிலேயே புதிதாகத் தெரிந்தன. நாற்பது வருடங்களுக்கு முன் தொலைந்துபோனதற்காக மனதுக்குள் நன்றி சொன்ன பொருள்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. ஒருவருக்குச் சுவரில் மாட்டும் மூஸ் மான் தலை வந்தது. ஒருவருக்கு மாமியார் பின்னிய விரிப்பு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை.

மே மாதக் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. ஆர்டிஸ் கைத்தடியோடு வந்தாள். நின்றபடி கையைத் தூக்கினாள்.

"தலைவரே, ஒரு கேள்வி. இந்த மண்டபம் பைக் ஏரிக் குடியிருப்புல சேர்ந்ததுதானே?"

"நிச்சயமா."

"அப்ப பதினான்காம் தீர்மானம் இதுக்கும் உண்டு."

ப்ரெக்கே தீர்மானத்தைப் படித்துப் பார்த்தார். 'அனைத்து' என்று இருந்தது. அவரே போட்ட சொல்.

"உங்க முன்னாடி இருக்கிற மேசையைத் திருப்புங்களேன்."

நான்கு பேர் திருப்பினார்கள். அடியில் லூத்தரன் தேவாலயத்தின் பெயர். நாங்கள் உட்கார்ந்திருந்த தொண்ணூறு மடக்கு நாற்காலிகள், தேவாலயம். காப்பிக் கொதிகலன், தீயணைப்பு நிலையம். தலைவர் "அமைதி, அமைதி" என்று தட்டுகிற மரச் சுத்தியலைப் பெர்ல் லுண்டே எட்டி வாங்கி, கவிழ்த்துப் பார்த்தாள்.

"இது நான் இறைச்சி தட்டுற சுத்தி, கேலன்! பதினோரு வருஷமாத் தேடறேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சங்கடப்படுவீங்களே!"

ப்ரெக்கே நேர்மையானவர். அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. உடனே எல்லாவற்றையும் திருப்பியனுப்ப உத்தரவிட்டார். முக்கால் மணி நேரத்தில் மண்டபம் காலி. தொண்ணூறு பேர் நின்றோம். சராசரி வயது எழுபத்தொன்று. என் இடது முழங்கால் தனியாகப் புலம்பிற்று.

"தலைவர் பதவி எத்தனை வருஷத்துக்குன்னு விதியில இருக்கு?" என்றாள் ஆர்டிஸ்.

"ரெண்டு."

"உங்களுக்கு?"

"பதினொண்ணு ஆச்சு." ப்ரெக்கேயின் முகம் மாறியது. "அப்ப இதுவும் என்னோடது இல்லை, இல்லையா?"

பதவியை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். நிற்கிறவர்களில் யார் கூட்டத்தைச் சீக்கிரம் முடிப்பார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். ஆர்டிஸைத் தேர்ந்தெடுத்தோம். கால் வலிக்கும்போது மக்களாட்சி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

"தீர்மானத்தை ரத்து பண்ணும்மா, வீட்டுக்குப் போவோம்" என்று யாரோ கத்தினார்.

"ரத்து பண்ண டிசம்பர் வரைக்கும் விதியில இடமில்லை. திருத்தலாம்" என்றாள் அந்த நீதிமன்ற எழுத்தர். "சண்டை எங்கேருந்து வருது? அறுபத்திரண்டு பேர் பேரு இருக்கிறதுனால. எல்லாத்துக்கும் அடியில ஒரே பேரை ஒட்டிட்டா யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டாம். வேணுங்கிறவங்க வேணுங்கிறதை வச்சுக்கலாம். அந்தப் பேர் ஆதியிலிருந்தே அங்கே இருந்ததாகக் கருதப்படும்."

"யார் பேரு? சங்கத்தோட பேரா?" என்றார் ப்ரெக்கே.

"சங்கத்துக்கு உடைமையே கிடையாதுன்னு இப்பத்தானே நிரூபிச்சோம்? ஆள் பேரா இருக்கணும்."

டேப்பும் பேனாவும் அவள் கையில் இருந்தன. எங்கள் ஊரில் கையில் பேனா வைத்திருக்கும் ஒருத்தியிடம் உன் பேர் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்பவர் பிறக்கவில்லை. ப்ரெக்கே வழிமொழிந்தார். நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன்.

பச்சை நாற்காலி அன்று மதியமே ஜன்னலோரம் வந்துவிட்டது. பெர்ல்தான் தள்ளிக்கொண்டு வந்தாள், ஓட்டமாக. மூஸ் தலை குப்பைமேட்டுக்குப் போனது. மாமியார் விரிப்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்டிஸ் தானே உட்காருகிறாள், தானே எழுகிறாள். ஊரில் இப்போது ஒரு வழக்கும் இல்லை. இனி எதைப் பற்றி யாரிடம் வழக்கு?

சென்ற வாரம் என் காப்பிக் கோப்பை காலியானது. மெதுவாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டிலின் அடியிலும் குனிந்து பார்த்தேன். என் பூட்ஸின் அடியையும் பார்த்தேன். ப்ரெக்கே வீட்டிலும் இதே கதைதானாம். அறுபத்திரண்டு வீடுகளிலும் எங்களுக்கு உட்கார இடம் இருக்கிறது, சாப்பிடத் தட்டு இருக்கிறது, படுக்கக் கட்டில் இருக்கிறது, ஆனால் எங்களுடையது என்று எதுவும் இல்லை; நாங்களே கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ஊரைச் சரிசெய்தது யார் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. கையருகே இருக்கும் எதையாவது எடுத்துக் கவிழ்த்துக் காட்டுகிறோம். கோணாத கையெழுத்தில் எழுதியிருக்கும்: ஆர்டிஸ் ருஸ்டாட்.