மாமனார் மாட்டைத் திட்டிய தீபாவளி

புது மாப்பிள்ளைக்கு யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். அது மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் எனக்குத் தலைதீபாவளி. மாமனாருக்கு எண்ணெய்ச் செக்கு. மறுநாள் விடிந்தால் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். வாசலில் தூக்குச்சட்டிகளோடு கூட்டம்.

குருவிகுளத்துக்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, மில் எண்ணெ மலிவா கெடைக்கே. நீங்க மட்டும் ஏன் இம்புட்டு வெல சொல்லுதீய?"

"மில்லுல சூடாக்கி, நசுக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்திருவான். நமக்குப் பாதி புண்ணாக்குலயே நின்னுரும். மாடும் மெதுவாத்தான்…" என்று மாமனார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே விழுந்தேன்.

"அதான் தப்பு மாமா. மாட்டை வேகமா ஓட்டுனா மில் விலைக்கே குடுக்கலாமே." (நான் பஞ்சாலைக் குமாஸ்தா. இயந்திரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைப்பு.)

மாமனார் மாட்டை ஒருமுறை பார்த்தார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செக்கோடு சுற்றும் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு குச்சியால் மாட்டைக் குத்தினேன். கண் கட்டியிருந்த அந்த மாடு ஒரு சுற்று யோசித்தது. அப்புறம் ஓடியது. எள் என் தலையில் கொட்டியது. செக்கு சூடேறித் தீய்ந்த வாடை வந்தது. வாசல், கூட்டம், மாமனார், மறுபடி வாசல் என்று எல்லாம் சுற்றியது. பயந்துபோய்க் குதித்தேன். கால் வாசலுக்குப் போனது. உடம்பு நேராக, விற்க வைத்திருந்த எண்ணெய் அண்டாவுக்குள் போய் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை உட்கார்ந்த எண்ணெயை யார் தலையில் தேய்ப்பார்கள்? கூட்டம் தூக்குச்சட்டிகளை மூடிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

மாமனார் கண் சிவக்க என்னை நோக்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய், அதற்குள் நின்றுவிட்ட மாட்டின் கயிற்றைப் பிடித்தார்.

"ஏலே, மண்டையில ஏதாச்சும் இருக்கா? எவன் சொன்னாலும் ஓடிருவியா? தொழில் தெரியுமாலே ஒனக்கு?"

மாடு அசைபோட்டது. அதற்குப் பதில் நான் தலைகுனிந்தேன்.

பிறகு புது எள் போட்டு, பொழுது சாயும்வரை அதே மாடு அதே நிதானத்தில் நடந்தது. காத்திருந்தவர்கள் சொன்ன விலைக்கே வாங்கிப்போனார்கள். குருவிகுளத்துக்காரர்தான் முதலில் சட்டியை நீட்டினார்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஆனாலும் நான் ஏதாவது உளறினால், என் மனைவி கொல்லைப்பக்கம் பார்த்து, "ஏலே, தொழில் தெரியுமாலே ஒனக்கு?" என்கிறாள். பேரப்பிள்ளைகள் எல்லாம் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.