லீலா இன்னும் நடக்கவில்லை, அக்கா

வேலன் துணை

பூம்பாறை,
விளம்பி வருஷம், புரட்டாசி 20.

பழனி அடிவாரத்தில் கடையும் கண்ணியமுமாக விளங்குகிற சம்பந்தி சிவபாக்கியம் அம்மாள் சமூகத்துக்கு, பூம்பாறை வேலுச்சாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் சம்சாரம் கருப்பம்மாளும், எனக்கு மகளும் தங்களுக்கு மருமகளுமான கண்மணியும், நம் இருவருக்கும் பொதுவான பேத்தி லீலாவும், இரண்டு பசுக்களும், விதைக்கு எடுத்து வைத்த பூண்டும் சுகம். அங்கே தாங்களும், மச்சான் பொன்னுவேல் அவர்களும், மாப்பிள்ளை சுவாமிநாதனும், மச்சானுடைய இருமலும் எப்படி என்று தெரியப்படுத்தவும்.

சம்பந்தி என்ற முறைக்குத் தாங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். ஆனால் சின்ன வயதில் எனக்கு மூக்குச் சிந்திவிட்ட அக்காளைத் தாங்கள் என்று எழுதப் பேனா கூசுகிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், மச்சான் முன்னால் வாசித்தால் மட்டும் மாற்றி வாசித்துக்கொள்.

முதலில் முக்கியமான சங்கதி. லீலா இன்னும் நடக்கவில்லை. ஓர் எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. இதை எந்தச் சன்னதியில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் அதுதான் கஷ்டம், இங்கே இருக்கிற ஈரத்துக்குக் கற்பூரம் பற்றுவதில்லை.

ஆவணியில் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "ஏலே வேலு, மொதப் பிள்ளை நடக்குமுன்னயே போயிருச்சு. இவ மொத எட்டு முருகன் படியிலதான்னு நேந்துக்கிட்டேன். விசயதசமி வரைக்கும் இவ காலு தரையில பாவக் கூடாது." அதைச் சொல்லும்போது உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பஸ் கூரைமேல் ஏற்றிய அரிசி மூட்டைகளை எண்ணுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டேன். எண்ணவில்லை. கண்மணியின் மூத்த பிள்ளை பத்து மாசத்தில் போனபோது நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததுதான் நினைவுக்கு வந்தது. அதனால் இந்த விஷயத்தில் நான் எவ்வளவு கவனமாக இருந்திருப்பேன் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

இங்கே இந்த வருஷம் குறிஞ்சி பூத்திருக்கிறது. நான் பிறந்தது ஒரு குறிஞ்சிப் பூப்பில், கல்யாணம் முடித்தது ஒரு பூப்பில், ஆகவே இந்தப் பூப்பும் எனக்காக என்றே ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கூக்கால் போகிற வழியெல்லாம் நீலம். கொடைக்கானலிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை கேமராவோடு வந்து, இதில் எந்தச் சரிவு நல்ல சரிவு என்று என்னைத்தான் கேட்டார். நான் காட்டியதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். காற்றுக்குக் கழன்றது என்று கருப்பம்மாள் சொல்வாள், நம்பாதே. தேனீக்கள் தேன் குடித்துக் குடித்து உடம்பு கனத்து, பறக்க முடியாமல் கூட்டுக்கு நடந்தே போகின்றன. என் கண்ணால் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொள்கிறது. கருப்பம்மாள் அதை முறத்தால் தள்ளி வெளியே விட்டுவிட்டுத்தான் ரசத்தைத் தாளிக்கிறாள். பூண்டு இந்தப் போகம் ஒவ்வொன்றும் இளநீர்க்காய் அளவு, சரி, இளநீர் வேண்டாம், எலுமிச்சை என்று வைத்துக்கொள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பதினோரு மாசப் பிள்ளையை நடக்க விடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய சோலி என்று யோசித்துப் பார். வெள்ளனே எழுந்ததும் கண்மணி இடுப்பில். வெயில் ஏறினால் கருப்பம்மாள் தோளில். சாயங்காலம் என் கழுத்தில். மூன்று பேருக்கும் கை ஒழியாவிட்டால் பூண்டுக் கூடையில் சாக்கைப் போட்டு உள்ளே இறக்கிவிடுவோம், தலை மட்டும் வெளியே தெரியும். அதில் நின்றுகொண்டு ஊரை அதிகாரம் பண்ணுவாள். கூடைக்குள் நிற்பது தரையில் நிற்பது ஆகாது. இதில் கண்மணியைத்தான் பாராட்ட வேண்டும். நான் நினைவுபடுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. பிள்ளை முட்டியைத் தூக்கினாலே, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அள்ளிக்கொள்கிறாள். மாமியார் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிற மருமகள் மலையில் உண்டா, சமவெளியில்தான் உண்டா? வளர்ப்பு என்னுடையது.

ஆனால் இப்படித் தூக்கியே வைத்திருந்ததில் ஒரு வினை வந்தது. மேலத்தெருப் பிச்சையம்மாள் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் ஒரு குப்பியில் பச்சைத் தைலத்தோடு வந்து நின்றாள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை மடியில் போட்டு இரண்டு காலையும் நீவ ஆரம்பித்துவிட்டாள். நேர்த்திக்கடன் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவளோ என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "வெளங்காத காலுன்னு வெக்கப்பட்டு மறைக்காதீங்க. படுக்கையில கெடந்த எங்க ஐயாவே இந்தத் தைலத்துல எந்திரிச்சு உக்காந்தவரு," என்றாள். அவள் ஐயா மறுநாள் செத்துப்போனதை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நம் வம்சத்துப் பிள்ளைக்குக் கால் விளங்காது என்று ஒருத்தி சொன்னால் என் ரத்தம் எப்படிக் கொதிக்கும்? அப்போதே இறக்கிவிட்டு நடத்திக் காட்டியிருப்பேன். உன் முகம் குறுக்கே வந்தது. அடக்கிக்கொண்டேன். தைலத்தால் மட்டும் லீலா கால் இரண்டும் மூன்று நாள் பச்சையாக இருந்தன.

இனி எழுதப்போவதை நிதானமாக வாசி. நடுவில் நிறுத்திவிட்டு அழாதே.

போன வெள்ளிக்கிழமை கருப்பம்மாளும் கண்மணியும் விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்க உட்கார்ந்தார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூக்கால் பாதையில் போனேன். சரிவு முழுவதும் பூ. முதலில் பூ நீலமாகத்தான் இருந்தது, அப்புறம் பார்க்கப் பார்க்க எதுவரைக்கும் பூ, எங்கிருந்து வானம் என்று தெரியவில்லை. தேனீ இரைச்சல் மட்டும் ஒரே சீராக, மலை தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. என் துண்டைப் புதருக்கு நடுவே விரித்துப் பிள்ளையை உட்கார வைத்தேன். உட்கார, அக்கா, கவனித்துக்கொள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. ஓசையே இல்லாமல் வந்து எங்கள்மேல் படுத்துக்கொண்டது. கையை நீட்டினேன், கையைக் காணோம். லீலா சிரிப்பது கேட்டது. என் இடது பக்கத்தில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பு கொஞ்சம் தள்ளிக் கேட்டது. அப்புறம் இன்னும் தள்ளி, மேட்டில். கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. நல்ல கனாவில் இருப்பவன் அசைந்தால் கலைந்துவிடும் என்று அப்படியே கிடப்பான் பார், அந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நம் அய்யாவும் அம்மாவும் அந்தப் புகைக்குள் எங்கேயோ பேசிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மேகம் விலகியபோது அவள் பன்னிரண்டு அடி தள்ளி, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி முழுக்க நீர்ப்பொட்டு. கையில் ஒரு கொத்துப் பூ. அவள் வீட்டுக்கு நான் விருந்துக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

இப்போது நீயே சொல். அவள் நடந்ததை யார் பார்த்தது? நான் பார்க்கவில்லை. தேனீ சாட்சி சொல்லாது. என் அபிப்பிராயம், மேகம்தான் அவளை ஏந்திக்கொண்டு போய் அங்கே வைத்திருக்கிறது. இங்கத்து மேகத்துக்கு இது பெரிய காரியம் இல்லை. போன ஆடியில் என் வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது வீட்டுக் கூரையில் விரித்துப் போட்டது இதே மேகம்தான். ஊரில் நாலு பேர் வேறு மாதிரிச் சொல்லலாம், வேலுச்சாமி பேத்தி குறிஞ்சிக்குள் பன்னிரண்டு எட்டு வைத்தாள் என்று. அவர்களுக்கு அதைச் சொன்னது யார் என்று கேட்காதே. பிச்சையம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் கருப்பம்மாளிடம் மட்டும் சொன்னேன். கண்மணியிடம் மூச்சு விடவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேர்த்திக்கடன் பங்கப்பட்டு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய், வேறு ஊர்க் கதை மாதிரிப் பூசாரி சேனாதிபதியிடம் கேட்டேன். ஓர் ஊரில் ஒரு பிள்ளை, அதற்கு ஒரு நேர்த்திக்கடன் என்று ஆரம்பித்ததுமே அவர் விளக்கைத் துடைத்துக்கொண்டே, லீலா எத்தனை எட்டு வைத்தது என்று கேட்டுவிட்டார். அப்புறம் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

"நம்ம வெள்ளாமைக் காட்டைப் பாருங்க. பள்ளத்துலருந்து இங்க வரைக்கும் படியாத்தான கெடக்கு. முருகன் கீழ பழனியில நிக்காரு, இங்க நம்ம கோயில்லயும் நிக்காரு. நடுவுல இருக்கதெல்லாம் யாரு படிங்க?"

பார்த்தேன், அக்கா. உழுத படி கறுப்பாக, கிழங்குப் படி பச்சையாக, ஒன்றின்மேல் ஒன்று. மேகம் ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், தைப்பூசத்துக்கு வருகிற கிழவிகள் மாதிரி. இத்தனை வருஷம் அந்தக் காட்டில் குனிந்தே கிடந்தவன், அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஆகவே நான் சொல்வது: ஒன்று, பிள்ளை நடக்கவில்லை. ஒருவேளை நடந்திருந்தாலும், முருகன் படியில்தான் நடந்தது, மேலேயிருந்து ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னாலேயே நாங்கள் வந்து சேருகிறோம். மச்சானுக்கு என் கும்பிடு. அவருடைய இருமலுக்கு மலைத்தேன் ஒரு குப்பி கொண்டுவருகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசி, கருப்பம்மாள் ஆசி, பசுக்கள் கறக்கிற பால்போல் குடும்பம் பொங்கட்டும்.

உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிற தம்பி,
வேலுச்சாமி.

பின்குறிப்பு: மேலே கண்டதை மடித்து ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருக்கும்போது காய்கறி லாரியில் தபால் வந்து, உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. பென்சிலில் நீயே எழுதியிருக்கிறாய். "தம்பி, ஒங்கிட்ட மறைச்சுட்டேன். கண்மணி பிள்ளையோட இங்கருந்து கெளம்புறதுக்கு மொத நாளே அடுப்பங்கரையில பானையைப் பிடிச்சு நின்னவ, கையை விட்டுட்டு எங்கிட்ட அஞ்சு எட்டு வச்சு வந்துட்டா. கத்தணும்னு வாயத் தொறந்தேன், பயந்து மூடிக்கிட்டேன். இங்க இருந்தா எல்லாரு கண்ணுலயும் படும்னுதான் வெரசா ஒங்கூட அனுப்பிச்சேன். தூக்கமே இல்லடா. நேத்திக்கடன் தப்பிப்போச்சா?"

இதை நான் அடுப்பங்கரையில் சத்தமாக வாசித்தேன். கண்மணி தலையைக் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாய் என்று கருப்பம்மாள் கேட்டதும், புகைக்குள்ளிருந்து சொல்கிறாள்: "அதுக்கும் ரெண்டு நாளு முன்னால, அங்க கெணத்தடியில எங்கிட்ட மூணு எட்டு வச்சாப்பா. அத்தை நொந்துருவாங்கன்னு சொல்லல."

ஆக, நான் பார்க்காமல் பார்த்தது முதல் நடையும் இல்லை, இரண்டாவது நடையும் இல்லை. மேகத்தின்மேல் போட்ட பழியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இருந்தாலும் மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, குறிஞ்சி விஷயம் நன்றாக வந்திருக்கிறது.

தப்பிப்போச்சா என்று கேட்டிருக்கிறாய். தப்பவில்லை, அக்கா. மூத்த பிள்ளைக்கு நாம் காத்துக் கிடந்து வராத எட்டு இவளுக்கு வந்துவிட்டது. மூன்று இடத்தில் வந்திருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றைக்குத் தூங்கு. விஜயதசமி அன்று முதல் படியில் இறக்கிவிடுவோம். மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும்தான் நிஜமாகவே பார்க்காதவர்கள், மற்ற நாம் நால்வரும் அவர்களைப் பார்த்து அப்படியே வாயைப் பிளந்தால் போதும். நீ கொஞ்சம் அதிகமாகவே பிள, நேர்ந்துகொண்டவள் நீ.

இதை எழுதும்போது லீலா கூடையைச் சாய்த்து வெளியே வந்து, உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறாள். நடந்துதான் போகிறாள். மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் எழுந்து போய்த் தூக்கவில்லை.