கோழிகளைத் திரும்ப அழைத்துப் போகவும்

கொரட்டூர்,
ஈசுவர வருஷம், மாசி மாதம்.

பூந்தமல்லியில் இருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி லோகநாதனுக்கு உன் மாமா செங்கல்வராயன் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இவ்விடம் நான் ஒருவாறு நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் அக்காள் வரலட்சுமிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது; அசதி விடவில்லை. அவ்விடம் நீயும் உன் சம்சாரமும் கோழிகளும் சுகமென்று நம்புகிறேன். கோழிகள் சுகமாக இருப்பது உன் வீட்டில் மட்டும்தான்.

காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்குத் தினம் முட்டை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உடனே நீ ஒரு சேவலையும் சில பெட்டைகளையும் குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியையும் வண்டியேற்றி அனுப்பினாய். "தவுட்டத் தூவினா போதும் மாமா, அதும்பாட்டுக்கு வளரும்" என்று சொல்லியும் அனுப்பினாய். இந்த ஏரிக்கரையின் சகல ஜீவராசிகளும் அவற்றின் வரவுக்காகவே காத்திருந்தன என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாய். நான் ஆயுசில் பாதியை ரயில்வே கூட்ஸ் ஆபீசில் கழித்தவன். ஒரு மூட்டை காணாமற்போனால் யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பருந்திடம் யார் போய்க் கேட்பது?

முதலில் வந்தது அதுதான். தலைக்கு மேலே வட்டமிட்டதைக் கண்டு, கருடன் என்று கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திறப்பதற்குள் ஒரு குஞ்சு ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தது. சரி, பயமுறுத்துவோம் என்று என் பழைய ரயில்வே கோட்டை ஒரு கழியில் மாட்டி நிறுத்தினேன், பருந்து பயப்படவில்லை, சேவல் கோட்டின் தோளில் ஏறிக் கூவியது, அவ்வழியே ஸ்டேஷனுக்கு ஓடிய ஒருவன் அந்தக் கோட்டிடம் "அரக்கோணம் வண்டி பூடுச்சா சாமி?" என்று கேட்டு, பதில் வராததால் திட்டிவிட்டும் போனான். அப்புறம் கள்ளிப்பெட்டிப் பலகையால் ஒரு கூண்டு அடித்தேன். பட்டப்பகலில் கீரி அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வந்து ஒரு பெட்டையை முடித்துவிட்டது. கீரிக்காக மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு நாயைப் பிடித்து வந்தேன். நல்ல நாய்தான், கீரியை அண்டவிடவில்லை. முட்டைகளை மட்டும் அதுவே தின்றுகொண்டது. டாக்டர் சொன்னது யாருக்கோ, உடம்பு தேறியது யாருக்கோ!

இதற்குள் நரி வேறு வர ஆரம்பித்தது. ஏரியில் மீன் பிடிக்கிற கன்னியப்பன் கிழிந்த வலை ஒன்றைக் கொடுத்தான்; அதைக் கூண்டைச் சுற்றிக் கட்டினேன். நேற்று விடியற்காலை கோழிகள் அலற, எழுந்து ஓடினேன் பார், கால் வலையில், வேட்டி வலையில், நான் தரையில். சத்தம் கேட்டுத் தடியோடு வந்த கன்னியப்பன், "நரி மாட்டிகிச்சி! யாரும் கிட்ட வராதீங்க, ஒரே போடு!" என்று கையை ஓங்கிவிட்டான்.

"டேய், நான்டா!" என்று கத்தினேன்.

"அண்ணாத்தே, நீயா? வலைக்குள்ள இன்னா பண்ணிகினு கீறே?"

"கோழியைக் காப்பாத்தறேன்டா."

அந்த வேளையில் நரி, வலை எட்டாத பக்கமாக ஒரு பெட்டையைக் கவ்விக்கொண்டு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. நாய் என்னைப் பார்த்துத்தான் குரைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த உன் அக்காள் என் கோலத்தைக் கண்டு சிரித்தாள். எனக்கு முழங்கை வீங்கியிருக்கிறது.

போதும் அப்பா. இந்த வயசில் கீரியோடும் நரியோடும் மல்லுக்கட்ட எனக்குச் சக்தியில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து, மிச்சமிருப்பவற்றை உயிரோடு ஓட்டிக்கொண்டு போய்விடு. முட்டையைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். இனி இந்த வீட்டில் ஓர் இறகுகூட நான் பார்க்கக்கூடாது.

உனக்கும் உன் குடும்பத்துக்கும், நம் பகைவருக்கும்கூட, நரி வராத கொல்லையாக அமையவேண்டும் என்று பகவானைப் பிரார்த்திக்கும்,

உன் மாமா,
செங்கல்வராயன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். அது தப்பாகிவிட்டது. "இன்னாங்க, என்னைக் கேக்காம கோழிய இட்டுகினு போவச் சொல்லி எழுதிக்கீறீங்க? தம்பி வந்து எடுத்துகினு போனா, நானும் அதுங்ககூடவே பூந்தமல்லி பூடுவேன்! பருந்த நான் பாத்துக்கறேன். ஆசாரிய இட்டாந்து கெட்டியா ஒரு கூண்டு போட உங்களுக்குத் துப்பு கீதா?" என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அங்கிருந்து பருந்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவள் குரல் அடுப்பங்கரையைத் தாண்டி நான் கேட்டதில்லை. இன்று தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் படிக்காதவன்போல் இருந்துகொள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. நல்ல பெட்டையாக இன்னும் நாலைந்து பிடித்து வா, லோகநாதா.