வேட்டியைக் கவ்விய பிளாக்செயின்

கனவு காண்கிறவர்களைப் பூட்டு செய்ய விடக் கூடாது. நான் செய்தேன்.

தூத்துக்குடி முழுக்கப் பொதுச் சைக்கிள் ஓட வேண்டும் என்பது என் கனவு. யார் எடுத்தார், எங்கே விட்டார் என்ற பதிவு ஓர் அலுவலகத்தில் இருக்காது. பலருடைய போன்களில் ஒரே மாதிரி இருக்கும், ஒருவர் மட்டும் திருத்த முடியாது. அதுதான் பிளாக்செயின். பூட்டு திறக்கவும் ஐந்து போன்களில் மூன்று சம்மதிக்க வேண்டும். கண்ணை மூடினால் போதும், உப்பளத்து வெள்ளை வெளிச்சத்தில் என் நீலச் சைக்கிள்கள் மிதந்து போகும். (பெரும்பாலும் ஆபீஸில்தான் மூடினேன்.)

அனுமதி தர வேண்டிய அதிகாரியைக் கடற்கரைச் சாலைக்கு வரவழைத்தேன். அவர் மறுத்தால் சென்னை வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். என்னுடையது போக மற்ற நான்கு போன்களும் மீன்பிடிக்கப் போகும் மாமாக்களுடையவை. கடலுக்குள் போனால் அவர்களுக்குச் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். எனவே ஞாயிறு காலை. என்ன மூளை!

பூட்டு திறந்தது. அதிகாரி பட்டுக்கரை வேட்டியில் ஆனந்தமாக ஒரு சுற்று வந்து இறங்கினார். பின்சக்கரப் பூட்டு தானாக மூடிக்கொண்டது, வேட்டி நுனியையும் கவ்விக்கொண்டு.

மறுபடி திறக்க என் போன் மட்டும் சம்மதித்தது.

“மத்தவங்க எங்கம்மா?”

அப்போதுதான் மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்திருந்தது புத்தியில் உறைத்தது. “பூசையில சார். போனை ஆஃப் பண்ணிருப்பாங்க.”

“கிழிச்சிராதம்மா, மச்சினன் கல்யாணத்துக்குப் போற வேட்டி!”

பின்சக்கரத்தை நான் தூக்க, அவர் வேட்டியைப் பிடித்தபடி கூடவே நடக்க, கோவிலுக்குப் போனோம். உள்ளே சாமியார் கல்யாண ஓலை, அதாவது நடக்கப்போகும் கல்யாணத்தின் அறிவிப்பு, வாசித்துக்கொண்டிருந்தார். “இத்திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள்...”

“சாமி, ஒரு நிமிசம்!” என்று வாசலிலிருந்து கத்தினேன்.

ஊரே திரும்பியது. கல்யாணப் பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

“ஏளா, யாரு இந்த ஆளு?” என்றார் பெரிய மாமா.

“போனை ஆன் பண்ணுங்க மாமா, சொல்லுதேன்!”

பூட்டு திறந்தது. அதிகாரி வேட்டியில் விழுந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். “நல்ல டெக்னாலஜிம்மா. ஆனா இந்த ஊருக்குச் சாவியே போதும்.”

சென்னை போகிற ரயிலில் நிஜமாகவே அழுதேன். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் ஓடியது. ஒரு சைக்கிளும் இல்லை.

பிறகு அதே கோவிலில் எனக்கு ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டுவிட்டுச் சாமியார் நிறுத்தி, வாசலை ஒரு முறை பார்த்தார்.

பின் பெஞ்சிலிருந்து பெரிய மாமா போனை உயர்த்திக் காட்டினார். “மேல வாசிங்க சாமி, நாலு போனும் ஆன்லதான் இருக்கு!”