வீங்கிய பவர்பேங்குக்குத் தங்க ஸ்டிக்கர்

உதியன்குளங்கரையில் போன மாதம் பஸ் நிற்க இடமில்லை. எல்லாம் பிரதர் நார்பர்ட்டைப் பார்க்க வந்த கூட்டம். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் பிரதரின் தங்க ஸ்டிக்கரை மறக்க மாட்டார்கள். நானும் சும்மா எட்டிப் பார்க்கத்தான் அவர் ஜெபக்கூட்டம் நடத்தும் ஹாலுக்குப் போனேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது என் குற்றமா?

"ஒவ்வொரு நாட்டுக் கரண்டுக்கும் ஒரு அசுத்த ஆவி உண்டு. அதாக்கும் போன் வெடிக்கியது. இத ஒட்டினா ஆவி அடங்கும்" என்றார் பிரதர்.

சாட்சியாக, ஸ்டிக்கர் ஒட்டிய தன் போனை வெல்வெட் மெத்தைமேல் வைத்தார். வயரே இல்லை. சார்ஜ் ஏறியது! கூட்டம் அல்லேலூயா போட்டது.

என் பக்கத்து வீட்டுப் புஷ்பபாயின் மகன் வினீத்துக்கு மறுநாள் கனடா விமானம். அவனுடைய பவர்பேங்க் இட்லிபோல் வீங்கியிருந்தது. பிரதர் அதிலும் ஒன்று ஒட்டினார்.

"வீக்கம் வத்தும். தைரியமா கொண்டு போ மக்கா."

வினீத்தின் அக்கா லிஷா எழுந்தாள். "பிரதரே, ப்ளேனில இது தீப்பிடிச்சா எங்க இறங்கி ஓட?"

"எட்டி, வாய மூடு! ஆவி கேக்கும்" என்றாள் புஷ்பபாய்.

லிஷா பிரதரின் போனை எடுத்தாள். ஸ்டிக்கரை உரித்துவிட்டு மெத்தையில் வைத்தாள். சார்ஜ் ஏறியது. திரும்ப ஒட்டி, பெஞ்சில் வைத்தாள். ஏறவில்லை.

"தொடாதே! அபிஷேகம் செய்த மெத்தையாக்கும்!" பிரதர் பாய்ந்தார். அதற்குள் அவள் வெல்வெட்டைத் தூக்கிவிட்டாள். அடியில் வட்டமாக ஒரு வயர்லெஸ் சார்ஜர். மொபைல் கடையில் தொங்குமே, அதேதான். அதன் வயர் சுவர் பிளக்குக்குப் போயிருந்தது.

"அப்போ சக்தி மெத்தைக்காக்கும்!" என்றார் என் பக்கத்தில் இருந்த ரெத்தினதாஸ். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரதர் தலை சுற்றுகிறது என்று பின்வாசலில் இறங்கினார். பனச்சமூடு பஸ்ஸில் ஏறும்போது சுற்றல் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் பின்னாலேயே போய்ப் பார்த்தேனே.

திரும்பி வந்தபோது லிஷா வினீத்தின் போன் சார்ஜரைத் தாயிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "பாரும்மா, நூறு முதல் இருநூத்தி நாப்பது வோல்ட் வர எடுக்கும்னு இதிலயே உண்டு. அந்த ஊரு பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். வீங்கினத அவன் கொண்டுபோகாண்டாம்."

புஷ்பபாய் மகனின் பையைத் திறந்து, பவர்பேங்கைத் தானே வெளியே எடுத்தாள்.

மகனுக்காக ஜெபம் செய்யுங்கள், யார் வேண்டாமென்றது? வாங்கிய பொருளின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள்.