போரான் அண்ணனும் கேரம் பவுடரும்

உலகத்தில் நடக்கும் எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான் என்று நம்பிய மனிதரைத் திண்டிவனத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் காரணம், போரான் சத்துக் குறைச்சல். நாங்கள் இருவரும் வேலை பார்த்த உரக்கடையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

பப்பாளி மேடும் பள்ளமுமாகக் காய்த்தால் போரான் குறைச்சல் என்பார். பூ காயாகாமல் உதிர்ந்தாலும் அதேதான். இதெல்லாம் உண்மை. கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டபோதும் அதையே சொன்னார் பாருங்கள், அதுதான் கொஞ்சம் அதிகம்.

யூரியா வாங்க வந்த பெரியவர் ஒருவர் முழங்கால் வலி என்று முனகினார். அவர் கையில் ஒரு பிடி உலர்திராட்சையைத் திணித்தார் அண்ணன்.

"இதுல போரான் இருக்குங்க."

"வலி போயிடுமா?"

"அத சொல்ல மாட்டேன். செடிக்குக் கட்டாயம் வேணும். மனுசன் எலும்புக்கும் நல்லதுன்றாங்க, ஆனா விசாரணை இன்னும் நடந்துக்கினு இருக்கு."

பெரியவர் திராட்சையைத் தின்றுவிட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

பக்கத்துத் தெரு கேரம் கிளப்பில் பலகைக்குப் போரிக் பவுடர் தூவுவதைப் பார்த்தால் அண்ணனுக்குப் பொறுக்காது. "அதுவும் போரான்தாம்பா. மல்லாட்டைக்குப் போற சாமானத்த ஊதிக்கினு இருக்கீங்களே" என்று ஆட்டத்தின் நடுவே பவுடர் தூவியவர் கையைப் பிடித்துவிட்டார். அதோடு கிளப் வாசலை அவருக்குச் சாத்திவிட்டார்கள்.

இதை அப்பாவிடம் சொல்லிச் சிரித்ததுதான் நான் செய்த தப்பு.

பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முந்தின வருஷம் காய் கொழுகொழுவென்று இருந்தது. பருப்பைப் பிளந்தால் நடுவில் குழி. "இந்த வாட்டியும் இப்படின்னா சவுக்கு வச்சிட்றேன்" என்றார் அப்பா. பயிரென்றால் மல்லாட்டைதான் என்று இருந்தவர், அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் குழியும் போரான் குறைச்சல்தான், பூ எடுத்ததும் மருந்தடிக்கும் டேங்குக்கு இரண்டு ஸ்பூன் போரான் உரம் கலந்து தெளிக்க வேண்டும், மூன்றாவது ஸ்பூனைத் தொடக் கூடாது என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். ஸ்பூன் கணக்கெல்லாம் அப்பாவுக்கு ஒத்துவராது. கேரம் பவுடர் டப்பா ஒன்றை வாங்கி, மொத்தத்தையும் ஒரே டேங்கில் கொட்டி நாலு பாத்திக்கு அடித்துவிட்டார். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோயிருந்தது.

போன் செய்தேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார் அண்ணன். டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி, அந்த நாலு பாத்தியையும் செடி செடியாகக் கழுவினார். ஒவ்வொன்றிடமும் "பொறுத்துக்கோ கண்ணு" என்று வேறு சொன்னார். அப்புறம் அப்பாவிடம் வந்தார்.

"கொறைஞ்சாலும் பேஜாரு, கூடினாலும் பேஜாருங்க. நடுவுல துளியூண்டு எடம். அதுலதான் நிக்கணும்."

கடையிலிருந்து கொண்டுவந்த போரான் டப்பாவைத் திறந்து மிச்ச வயலுக்கு அவரே கலந்தார். ஒண்ணு, ரெண்டு என்று உரக்க எண்ணிவிட்டு, அப்பா கைக்கு எட்டாதபடி டப்பா மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பிடுங்கும் நாளில் அப்பா முதல் காயை உடைத்துப் பருப்பைப் பிளந்தார். குழி இல்லை. இன்னொன்று, குழி இல்லை. சிரித்துக்கொண்டே உடைத்துத் தள்ளினார்.

"வெதைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார் அண்ணன். சவுக்குப் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது அவர் விழுப்புரத்தில் வேறு கடையில் இருக்கிறார். ஒரு நாள் முழுக்க அவரோடு இருந்தால் எனக்கே ஓரமெல்லாம் தீய்ந்துவிடும். ஆனால் வாரம் ஒரு தரம் அவர் குரலைக் கேட்காவிட்டால், உள்ளே எங்கோ குழி விழுந்தது போல இருக்கிறது.