புருவம்

தூத்துக்குடியில் யாருடைய நெற்றியாவது அவள் கைபடாமல் தப்பித்திருந்தால், அந்த ஆள் அப்போது ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். கப்பலேறிப் போயிருப்பார்.

எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்குப் ‘புருவம்’ என்றுதான் பெயர். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு வகுப்பெடுத்தாள். கண்குழியிலிருந்து ஒரு நரம்பு நெற்றிக்கு ஏறுகிறதாம். அது சிலருக்குக் குழியின் விளிம்பில் உள்ள பள்ளம் வழியாக வரும், சிலருக்கு எலும்புக்குள்ளே ஓட்டை வழியாக வரும். அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கட்டைவிரலால் புருவத்தில் ஓர் அழுத்து! “ஏளா, உனக்கு வலது பள்ளம், இடது ஓட்டை! புஸ்தகத்துல ஒரே மாதிரி வரைஞ்சிருப்பான். மனுசன் அப்படியா பொறக்கான்?” என்று குதிப்பாள்.

பஸ் கண்டக்டரை விடவில்லை. ஏரலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். “போட்டும். ரெண்டு பக்கமும் வெறும் பள்ளந்தான்” என்றாள் மகராசி.

எங்கள் சமையல்கார மரியக்காவின் புருஷன் அந்தோணி அண்ணன் கடலில் முங்கிச் சங்கெடுப்பவர். சில மாதமாக, முங்கினால் போதும், வலது நெற்றி தெறித்துவிடும் போல வலி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கடலே வேண்டாமென்று படகில் தன் பங்கை விற்கக் கிளம்பிவிட்டார். மரியக்கா அழுதுகொண்டே வைத்த சாம்பாரில் தினமும் உப்பு இரண்டு பங்கு.

ஒருநாள் அண்ணன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். புருவம் சும்மா இருப்பாளா? அழுத்தினாள்.

“எம்மா! உசுரு போவுதே!”

“இதே வலிதானே அண்ணே? இதேதானே?” இவளுக்கு ஒரே ஆனந்தம்.

“ஏளா மரியா, நான் துடிக்கேன், இந்தப் பிள்ள சிரிக்கா!”

“முங்கும்போது கண்ணாடிய எப்படி மாட்டுவிய?”

“இறுக்கித்தான். தண்ணி ஏறித்தான் வலிக்குன்னு, வலிக்க வலிக்க இன்னும் இறுக்குவேன்.”

“அங்கனதான் கோளாறு! வலது நரம்பு பள்ளத்துல வெளிய கெடக்கு, கண்ணாடி விளிம்பு அத நசுக்குது. இடது ஓட்டைக்குள்ள பத்திரமா இருக்கு.”

விளிம்பு மெத்தென்று இருக்கும் அகலக் கண்ணாடி ஒன்றை அவளே வாங்கிவந்தாள். வலி அடங்கும்வரை ஓய்வு. அப்புறம் ஒரே ஒருநாள் முங்கிப் பார்ப்பது, வலித்தால் பங்கை விற்றுவிடுவது என்று பேச்சு.

அவர் முங்கப் போன அன்று மதியம் மரியக்கா, புருவம், நான் மூவரும் கரையில் நின்றோம். தூரத்தில் படகு தெரிந்தது. அதில் அந்தோணி அண்ணன் எழுந்து நின்று, படார் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“போச்சே! எல்லாம் போச்சே!” என்று மரியக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். புருவத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

படகு நெருங்கியது. அண்ணன் வாயெல்லாம் பல். மறுபடி நெற்றியில் ஓங்கி அடித்தார். “டீச்சர், பாருங்க! எப்படி அடிச்சாலும் வலிக்கல! பங்க விக்க மாட்டேன்!”

மரியக்கா செருப்பைத் தேடினாள், புருஷனை அடிக்க. புருவமோ தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

“நல்லதுதானே நடந்திருக்கு, ஏன்ளா அழுத?” என்றேன்.

“நான் சொன்னது தப்பாப் போயிருந்தா அவரு பொழப்பு என்னத்துக்கு ஆவும்? ஒரு வாரமா நான் ஒறங்கவே இல்லளா.”

இவளுக்கா ‘புருவம்’ என்று பேர் வைத்துச் சிரித்தோம்! அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன், விட மனசே வரவில்லை.